நிறுத்துப் பாத்தனீரோ

கடைக் கண்ணாடிக்குள் அகலமான ஸ்கீயை, பனியில் சறுக்குகிற அந்தப் பலகையை, கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். போன மாரியில் மகளுக்குப் பனிச் சப்பாத்து வாங்கப் போயிருந்தோம். விற்பனைக்கு நின்ற பிள்ளை, நான் கேட்காமலே, சுவரில் சாய்த்திருந்த ஒரு சோடியைக் காட்டி விளக்கத் தொடங்கினாள். புதுப் பனியில் ஒடுங்கின ஸ்கீ தாழும், இது தாழாது, நிறையைப் பரத்திக் கொடுக்கும், முன் மூக்கு மேலே எழும்பி வரும். நேற்றுத்தான் தானே கண்டுபிடித்ததுபோல இரண்டு கையையும் விரித்து விரித்துச் சொன்னாள். பிறகு, "உங்கள் நிறை எவ்வளவு?" என்றாள். தராசு இல்லையா என்று கேட்டேன். "நீங்கள் சொன்னால் போதும், நம்புகிறோம்" என்று சிரித்தாள். நான் சப்பாத்தும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். வீடு வரும்வரை மகள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் அவள் சொன்ன அத்தனையையும், அவள் பிறக்க முதலே, தொண்ணூறுகளில் ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்திச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவருடைய பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

தெற்கு ஜேர்மனியில், ஒஸ்ரியா எல்லைக்குக் கிட்ட, அல்கொய் மலைகளின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கிற கடை ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். எனக்கு டொச் மொழி நன்றாக ஓடும், சிரித்த முகம் வேறு. ஆகவே நான் முன்னால், கவுண்டரில். அவருக்கு டொச்சும் குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஆகவே அவர் பின்னால், வேலையறையில். மெழுகு உருக்கிப் பூசுவது, இரும்பு விளிம்பைத் தீட்டுவது, பிண்டுங் சரிசெய்வது எல்லாம் அவர். பிண்டுங் என்பது சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைத்திருக்கிற பூட்டு. ஆள் விழுந்து கால் முறுகும்போது அது தானாகக் கழல வேண்டும். சும்மா ஓடிக்கொண்டு போகும்போது கழலக்கூடாது. அதை எவ்வளவு இறுக்குவது என்பது முக்கியமாக ஆளின் நிறையைப் பொறுத்தது.

இந்த நிறை விசயத்தில்தான் அவர் ஊரோடு சண்டை பிடித்தார். சனம் நிறையில் பொய் சொல்லும் என்பது அவருடைய முடிந்த முடிவு. பெண்கள் ஐந்து கிலோ குறைப்பார்களாம், ஆண்கள் பத்துக் கிலோ குறைப்பார்களாம், பாதிரிமாரும் குறைப்பார்களாம். அதற்காகவே பழைய சாமான் சந்தையில் ஒரு தராசு வாங்கிவந்து கவுண்டருக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, ஈரச் சப்பாத்தோடு தானே அதில் ஏறி நிற்பது. வாடிக்கையாளர் நின்றாலும் நிற்காவிட்டாலும் தன் நிறையைச் சத்தமாகச் சொல்லுவார். நூற்றியாறு. நூற்றியேழு. நத்தார்ப் பண்டிகை கழிந்தால் நூற்றிப்பத்து.

"என்னத்துக்கண்ணை இந்தக் கூத்து?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆக்களை ஏறச் சொல்லிறவன் முதல் தான் ஏற வேணும். உமக்கு வெக்கமெண்டா நீர் அங்கால திரும்பி நில்லும்."

என்னை நீர் என்றுதான் சொல்லுவார். ஆறேழு வயது மூத்தவர், உரிமையோடு நீ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வருவது கோபம் வந்தால் மட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் வரும்.

நிறை எழுதுகிற துண்டிலும் சண்டை. வாடகைத் துண்டில் பெயர், நிறை, சப்பாத்து அளவு மூன்றும் எழுத வேண்டும். நிறையை ஆளைத் தராசில் ஏற்றி அவரே எழுதுவார். இந்த நாட்டில் ஒன்று என்ற இலக்கத்தை எழுதும்போது, கீழிருந்து ஒரு சரிவுக் கோட்டை மேலே இழுத்து, அங்கிருந்து நேராக இறக்குவார்கள். நான் வந்த முதல் மாதமே டொச் வகுப்பில் அதைப் பழகிவிட்டேன். பழகினேன் என்ன, வலிந்து பிடித்துக்கொண்டேன். எதையாவது இவர்களைப்போலச் செய்துவிட வேண்டும் என்ற அவதி அப்போது எனக்கு. அவர் கடைசிவரை வெறும் நேர்கோடுதான் போட்டார். முதலாளி ஒருமுறை துண்டைக் கொண்டுவந்து, இது என்ன, குச்சியா என்று கேட்டார். இவர் தமிழில் எனக்குச் சொன்னார், நான் மொழிபெயர்க்க வேண்டுமாம்:

"ஒண்டெண்டா ஒரு கோடு. அதுக்கு ஏன் கூரை? மழை பெய்யுதோ எண்டு கேளும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மன்னிக்கவும், இனித் தெளிவாக எழுதுவார் என்று சொன்னேன். அப்படித்தான் நான்.

அகலமான ஸ்கீ எங்கள் கடைக்கு வந்த கதையும் இப்படித்தான். ஒரு வர்த்தகச் சந்தையில் முதலாளி என்ன நினைத்தாரோ, ஆறு சோடி வாங்கிவந்தார். அந்தக் காலத்தில் ஸ்கீ என்றால் இரண்டு மீற்றர் நீளம், காலுக்குக் கீழே ஆறரைச் சென்றிமீற்றர் அகலம். ஒடுங்கலும் நீளமுமாக இருந்தால்தான் மரியாதை. இது நீளம் குறைவு, அகலம் பதினொரு சென்றிமீற்றர். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பகிடியை விட்டார்கள். தாத்தாமாருக்கு, முழங்கால் போனவர்களுக்கு, துடுப்பும் தருவீர்களா. ஊர் ஸ்கீப் பள்ளியின் தலைமை ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். வெயிலில் கருகின முகம், எப்போதும் சிவப்பு ஜாக்கெற். அவர் வந்து ஒரு சோடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கீ ஓடத் தெரியாதவனுக்கு ஸ்கீ" என்றார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. ஆறு சோடியும் வேலையறை மூலைக்குப் போயின.

அண்ணை அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அடிமட்டத்தை எடுத்து அளந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் றோட்டுப் போடுகிற ஓவசியராக இருந்தவர். களப்புச் சேற்றுக்குள்ளால் லொறி போகப் பாதை கட்டினவர். பாணுக்குச் சம்பலைத் தடவிக் கடித்துக்கொண்டே, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஒரு காட்போட் துண்டில் எழுதினார். பிறகு என்னைப் பின்முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். இரவு முழுக்கக் கொட்டின பனி, ஒருவரும் மிதிக்காதது. ஒடுங்கின சோடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். முழங்காலுக்கு மேலே போய்விட்டது. ஏறி வந்து அகலத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இறங்கினார். கணுக்கால்கூடத் தாழவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் முன்னால் பொய் சொல்ல முடியாது. கெண்டைக்கால்வரை போனது.

"பாத்தீரோ? நான் அதே நூத்தியாறுதான். இதில ஒண்டரை மடங்கு கூட இடத்தில பாரம் இருக்குது. பனிக்கு என்னையே தெரியும்? ஒரு சதுரச் சென்றிமீற்றருக்கு எவ்வளவு வருகுதெண்டுதான் அதுக்குத் தெரியும்."

ஓடிப் பார்த்தால் இன்னும் விளங்கும் என்றார். ஓடும்போது பனி அடியில் வந்து தள்ளுமாம், அகலமான மூக்கு அந்தத் தள்ளலில் மேலே எழுமாம். ஒடுங்கின மூக்கு கீழே குத்தும், அதைத் தூக்க ஆள் பின்னால் சரிவான், சரிந்தால் தொடை எரியும், தொடை எரிந்தால் விழுவான். மெத்தென்ற பனியில் இரண்டு காலிலும் சரிபாதி நிற்க வேண்டும், ஒன்றில் ஊன்றினால் அந்தக் கால் போய்விடும். இதையெல்லாம் அவர் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த மாரி முழுக்க, ஓய்வு நாட்களில், நூற்றியாறு கிலோவையும் கொண்டு தன்பாட்டில் மலையில் ஏறி விழுந்து விழுந்து கண்டுபிடித்தார். பனிக்குள்ளிருந்து எழும்பும்போது பெருங்குரலில் தூசணத்தால் பேசுவார். தமிழ் தெரியாத சனம் அவர் பாடுகிறார் என்று நினைத்தது.

இதற்குப் பிறகு அவர் வாய் மூடவில்லை. புதுப் பனி விழுந்த காலைகளில் வேலையறையை விட்டு முன்னால் வந்து நிற்பார். வருகிறவனின் வயிற்றையும் பார்ப்பார், அவன் கேட்கிற ஸ்கீயையும் பார்ப்பார். "இது வேண்டாம். இண்டைக்கு அகலம்" என்று உடைந்த டொச்சில் உறுக்குவார். நாலைந்து பேர் கேட்டார்கள். போய்வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதைக் கண்ட முதலாளிக்கு ஆசை வந்து, இனி எல்லோருக்கும் அகலத்தையே கூடின வாடகைக்குக் கொடு என்றார். அதற்கும் இவர் சண்டை. இயந்திரத்தால் அழுத்தி இறுகின பாதையில் அகலமான ஸ்கீ உதவாது, விளிம்பு காலின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது, சரித்துத் திருப்பக் கால் நோகும், கல்லுப்போல இறுகின பனியில் இதைக் கொடுப்பது களவு என்றார். களவு என்ற சொல்லை மட்டும் டொச்சில் சொன்னார். முதலாளிக்கு அது விளங்கிவிட்டது.

எனக்கு அவரில் எரிச்சல் வரும். ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஏன் இந்த மனிசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார் என்று பல்லைக் கடிப்பேன். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம்தான் வீசா நீட்டுவார்கள். வேலைக் கடிதம் காட்டினால் நீட்டு, காட்டாவிட்டால் நாட்டை விட்டுப் போ. அப்படி ஒரு கயிற்றில் தொங்குகிறவர் முதலாளியைக் கள்ளன் என்கிறார். நான் அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பெரிய உதவி என்றும் நினைத்தேன்.

கடைசியில் ஒருநாள் அண்ணை, சிவப்பு ஜாக்கெற்காரர் கூட்டிவந்த ஒரு விருந்தாளியின் கையிலிருந்தே ஒடுங்கின ஸ்கீயைப் பறித்துவிட்டார். "இவர் பிரண்டு போவார்" என்றார். கடைக்குள் நின்ற எல்லோரும் பார்க்க, முதலாளி அவரை வேலையறைக்குப் போகச் சொல்லி, இனி முன்னால் வரக்கூடாது என்று கட்டளை போட்டார். தராசையும் கவுண்டருக்கு அடியில் தள்ளி, கேட்கிறவர்களுக்கு மட்டும் எடு என்று எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து சுவரில் இருந்த சின்ன யன்னலால் நான் துண்டையும் சப்பாத்தையும் உள்ளே கொடுப்பேன், அவர் பிண்டுங்கைச் சரிசெய்து ஸ்கீயை வெளியே நீட்டுவார். நிறை எழுதுகிற வேலை என் கைக்கு வந்தது. முதலாளி அதை யோசித்தே இருக்கமாட்டார். அவருடைய மனதில் நிறை எழுதுகிறது இன்னும் அந்தத் தடித்த மனிசன்தான்.

யன்னலால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கேள்வி வரும். "நிறுத்துப் பாத்தனீரோ?"

முதல் இரண்டு நாளும் உண்மையாகவே நிறுத்தேன். மூன்றாம் நாள், ஒரு பெரிய பனிக்குப் பிறகு, மூன்று நண்பர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நல்ல உடம்பு. நூறுக்கு மேலே என்று குருடனுக்கும் தெரியும். நிறை கேட்டேன். "எண்பத்தொன்று" என்றார். எண்பது என்றால் பொய் என்று தெரிந்துவிடும் என்றுதான் அந்த ஒன்றையும் சேர்த்திருக்கிறார். நண்பர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. தராசு என் காலடியில் கிடக்கிறது. குனிந்து எடுத்தால் போதும். நான் குனியவில்லை. அந்த வெள்ளைக்காரனுக்கு வெட்கம் வந்துவிடக்கூடாது என்று எனக்குக் கவலை. எண்பத்தொன்று என்று எழுதினேன்.

"இடுப்பளவு பனி. அகலத்தைக் குடும்" என்றது யன்னல்.

"அவர் வேண்டாமாம் அண்ணை. நீளந்தானாம்."

"பேயன். நிறுத்துப் பாத்தனீரோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அந்த ஓம் என் வாயிலிருந்து எவ்வளவு சுகமாக வந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு இடறலும் இல்லை.

பின்னேரம் அந்த மனிதரை மீட்புக்காரர் சறுக்கு வண்டியில் கட்டி இறக்கினார்கள். மெத்தென்ற பனிக்குள் ஸ்கீயின் மூக்குக் குத்தித் தாழ, அதைத் தூக்கப் பின்னால் சரிந்திருக்கிறார். அந்த இழுவைக்கே, இருபது கிலோவுக்கு மேல் குறைந்த ஆளுக்கென்று வைத்த பூட்டு, கழலக்கூடாத நேரத்தில் கழன்றுவிட்டது. ஒரு காலில் மட்டும் ஸ்கீயோடு பாறையில் போய் விழுந்து தோள் உடைந்தது. கழன்ற ஸ்கீ பனிக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது. இளவேனிலில்தான் கிடைக்கும் என்றார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய உண்மையான நிறை வந்தது. நூற்றிநாலு. முதலாளி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேலையறைக்கு வந்தார். அண்ணை மெழுகு உருக்குகிற மேசையில் நின்றார். நான் யன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நூற்றிநாலு கிலோ மனிதனுக்கு எண்பத்தொன்று. யார் இப்படிச் செய்தது?"

அண்ணை கையை நீட்டித் துண்டை வாங்கினார். பார்த்தார். எட்டுக்குப் பக்கத்தில், சரிவாக மேலே இழுத்து நேராக இறக்கின, கூரை போட்ட ஒன்று. முதலாளிக்கு அது சாதாரண ஒன்று. ஊர் முழுக்க அப்படித்தான் எழுதுகிறது, அவருடைய கண்ணில் அது ஏன் படப்போகிறது? அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் அது யாருடைய ஒன்று என்று தெரியும். அண்ணை துண்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நான் மெழுகுச் சட்டியைப் பார்த்தேன்.

"நீ சொல்" என்றார் முதலாளி என்னிடம்.

என் மனைவி கொழும்பில் வீசாவுக்குக் காத்திருந்தாள். எனக்கு நிரந்தர வேலை என்ற கடிதத்தை வைத்துத்தான் அவளுடைய விண்ணப்பம் போயிருந்தது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. சாட்டாகச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "பிண்டுங் எல்லாம் வேலையறையில்தான் சரிசெய்வது" என்றேன். சுத்தமான டொச். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அவர் கத்துவார் என்று நின்றேன். மெழுகுச் சட்டியைத் தூக்கி எறிவார், நீ என்று தொடங்குவார், என் சட்டையைப் பிடிப்பார். இலக்கத்தின் கூரைக்காகக் கத்தினவர், சதுரச் சென்றிமீற்றருக்காக ஊரைப் பகைத்தவர். ஒரு சொல் வரவில்லை. அரை நிமிடம் இருக்கும். பிறகு துண்டை மேசையில் வைத்து, அது பறக்காமல் இருக்க அடிமட்டத்தை மேலே வைத்தார். ஏப்ரனைக் கழற்றினார். முதலாளி அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

வேலை போனது. அடுத்த தவணைக்குக் கடிதம் காட்ட இல்லாமல் வீசாவும் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். பிரான்சுக்குப் போய்விட்டார் என்றார்கள், இல்லை, பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். நான் தேடிப் பார்க்கவில்லை. தேடினேன் என்று யாருக்காவது நான் எப்போதாவது சொல்லியிருந்தால் அது பொய். அந்த ஆறு சோடியும் இரண்டு மாரி கழித்து ஓயாமல் வாடகைக்குப் போயின. சிவப்பு ஜாக்கெற்காரரும் ஒரு சோடி எடுத்தார். ஒரு சதுரச் சென்றிமீற்றருக்கு நிறை எவ்வளவு என்று கவுண்டரில் நின்று எனக்கே விளக்கினார். நான் தலையாட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதனின் கழுத்தை நெரித்திருக்க வேண்டும். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

மனைவி வந்து சேர்ந்தபிறகு அவளுக்கு நான் சொன்ன கதை வேறு. ஒரு அண்ணை இருந்தார், எனக்காக, நீ வரவேணும் என்பதற்காக, வாயை மூடிக்கொண்டு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று சொன்னேன். அவள் மன்னார்க்காரி, கத்தோலிக்கக் கோயிலில் பிடிப்பு. ஒவ்வொரு நத்தாருக்கும் அவர் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கேட்டேன். அவர் ஊரை விட்டுப் போன காலை, பஸ் தரிப்பில். ஒரு பை, கக்கத்தில் அந்தத் தராசு. வேறு சாமான் இல்லை. முதல்நாள் இரவு விழுந்த பனியை யாரும் வழிக்கவில்லை, அவர் அதற்குள் சப்பாத்துப் புதைய நின்றார்.

"அண்ணை, அந்த ஒண்டு என்ர கையெழுத்தெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பேந்தேன் நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை?"

அவர் என்னைப் பார்த்தார். கோபத்தில் அந்த நீ வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார்.

பஸ் வந்தது. தராசை முதலில் வைத்துவிட்டு ஏறினார்.